தவளை இல்லாத மலைக்கு ஒரு தவளை

மொரீசியஸ் பள்ளிகளுக்குத் தமிழ்ப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஒரு தாளை நீட்டி, "மலைக்கோயிலுக்குப் போகும்போது இதைக் காட்டுங்கள், தாத்தா" என்றாள். சிவந்த கண்ணும் ஆரஞ்சுப் பாதமுமாக ஒரு மரத்தவளை. கீழே, "நம் மலைக்காட்டில் வாழும் மரத்தவளை. வண்ணம் தீட்டுக." அதற்காகப் பச்சைக் கிரயானைப் பாதி தேய்த்துத் தீர்த்திருந்தாள்.

எதைக் காட்டுவேன்? கோர் தெ கார்த் மலையில் முருகனைப் பார்க்கச் சிறு வயதிலிருந்து படியேறுகிறேன். மரத்தில் ஒரு தவளையைக் கண்டதில்லை. என் கண்ணில் கோளாறு இல்லை. இந்தத் தீவுக்குச் சொந்தமான தவளையே கிடையாது. கடலுக்கடியிலிருந்து எரிமலை எழுப்பிய நிலம் இது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. தவளையின் மெல்லிய தோலும் முட்டையும் உப்புநீரைத் தாங்குவது அரிது. உங்கள் படத்தில் உட்கார்ந்திருப்பவர் மத்திய அமெரிக்காக்காரர்.

மரத்தவளையே பாடத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப் பாடத்துக்கு மரத்தவளை வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறதே! ஆனைமலைக் காட்டில் விரல்களுக்கு நடுவே சிவந்த சவ்வை விரித்து மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்கும் பச்சைத் தவளை வாழ்கிறது. மழைக்காலத்தில் நீருக்கு மேல் தொங்கும் இலையில் நுரையால் கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் அங்கிருந்து பொத்தென்று தண்ணீரில் விழும். களக்காடு முண்டந்துறைப் பக்கத்தில் இன்னொன்று, சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். 1876இல் விவரிக்கப்பட்ட பிறகு யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011இல்தான் மீண்டும் கிடைத்தது. அது மூங்கிலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே நுழைந்து கணுவிடைப் பொந்தில் முட்டையிடுகிறது. காவல் இருப்பது அப்பா. தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ஊர்ப்பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

நம் ஊரில் மழை பெய்த இரவில் விளக்குக்கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கும் தேரையும் வந்தேறிதான். கரும்பைக் கெடுத்த வண்டுகளைத் தின்னட்டும் என்று 1922இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். அது கரும்புத் தோட்டத்தோடு நிற்கவில்லை. காட்டுக்குள் போய் இந்தத் தீவில் மட்டுமே உள்ள பூச்சிகளையும் நத்தைகளையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ("நம் மலைக்காட்டில் வாழும்" என்ற வரிக்குப் பொருந்துவது, பாவம், இதுதான். படம் அழகாக வராது.)

பச்சையாக, மரமேறுவதாக, விரல் நுனி அகன்று ஒட்டுவதாக ஒன்று வேண்டுமா? வாழை மட்டையில் தினமும் ஓடுகிறதே, சிவப்புப் புள்ளியும் நீல வாலும் கொண்ட பகல் பல்லி! தவளை ஈர விரலால் ஒட்டுகிறது. இதற்கு விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். நம் மலையுச்சிகளில் ரூசியா என்றொரு கொடி இருக்கிறது, உலகில் வேறெங்கும் இல்லாதது. அதன் பூவில் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பதும், பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதும் இந்தப் பல்லிதான். சுவரில் பல்லி கத்தினால் பலன் பார்க்கிற நாம், பாடப்படத்தில் அதை விட்டுவிட்டோம்.

அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தப் படத்தையும் வரியையும் மாற்றுங்கள்: ஆனைமலைத் தவளையை அதன் ஊர்ப்பெயரோடு போட்டு, பல்லிக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். படிக்கட்டு ஓரத்தில் பல்லி ஒன்று தலையை ஆட்டியபடி எங்களைப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் தாளை எடுத்து, உங்கள் தவளைக்கு நீளமாக ஒரு நீல வால் வரைந்துவிட்டாள். திங்கட்கிழமை அதை அப்படியே கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாலுக்காக மதிப்பெண் குறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா