கருவில் இருக்கும் பிள்ளை ஒன்றுக்குப் போகும் என்பதையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், வயிற்றில் இருக்கும் குழந்தை ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகுமா, போனால் அதெல்லாம் எங்கே சேரும் என்று கேட்டிருந்தார். கழிவு முழுவதும் தொப்புள்கொடி வழியாகத் தாயிடம் வந்துவிடும், கவலை வேண்டாம் என்று இரண்டே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். அந்தப் பதில் பாதிதான். மீதி தெரியாததால் பிரசவ வார்டில் எத்தனை பெண்கள் வீணாகப் பேச்சு வாங்குகிறார்கள் என்பதை வேலைக்காலம் முழுக்கப் பார்த்த செவிலியர் நான், இப்போது ஓய்வில் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது ரத்தத்தில் சேரும் கழிவுக்குப் பொருந்தும். யூரியா, கார்பன் டை ஆக்சைடு, பிலிருபின் என்ற மஞ்சள் பித்தநிறமி எல்லாம் தொப்புள்கொடியின் இரண்டு தமனிகளில் நஞ்சுக்கு, அதாவது கருப்பையில் ஒட்டியிருக்கும் பிளாசென்டாவுக்கு வந்து, அங்கே மெல்லிய சவ்வைத் தாண்டி அம்மாவின் ரத்தத்தில் இறங்கும். இரண்டு ரத்தமும் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. அப்புறம் அம்மாவின் சிறுநீரகமும் நுரையீரலும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. 10ஆவது வாரம் வாக்கிலேயே அதன் சிறுநீரகம் சிறுநீரை உண்டாக்கத் தொடங்கிவிடும், 20 வாரம் ஆகும்போது பனிக்குடத் தண்ணீரில் பெரும்பங்கு பிள்ளை கழித்த சிறுநீர்தான், மாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேலேயே போகும். அதைப் பிள்ளை திரும்ப விழுங்கும், குடல் உறிஞ்சிக்கொள்ளும், மறுபடி கழிக்கும். ஸ்கேன் திரையில் அடிவயிற்றுப் பக்கம் சின்னக் கறுப்பு வட்டமாகத் தெரியுமே, அதுதான் மூத்திரப்பை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பெரிதாகி, சட்டென்று சுருங்குவதைக்கூடப் பார்க்கலாம். 1970களில் லண்டனில் ஸ்டூவர்ட் கேம்பெல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இப்படி ஸ்கேனில் மூத்திரப்பையை அளந்துதான், கருவில் இருக்கும் பிள்ளை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நச்சுக்கழிவை நஞ்சு எடுத்துவிடுவதால் அந்தச் சிறுநீர் நீர்த்துப்போன வெறும் தண்ணீர் மாதிரிதான், நம் சிறுநீரோடு சேர்த்து நினைக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நுரையீரலே சரியாக வளராது. இரண்டு சிறுநீரகமும் இல்லாமல் உருவாகும் பிள்ளைகள் பிழைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மூச்சுதான், ஏனென்றால் சிறுநீர் இல்லை, சிறுநீர் இல்லாததால் பனிக்குடத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாததால் நுரையீரல் விரியவில்லை.

சரி, இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தண்ணீரின் அளவு (AFI) 5 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது குறைவு என்று வந்தால், வெளியே வந்ததும் மாமியார் சொல்லும் முதல் வார்த்தை, "தண்ணியே குடிக்கமாட்டா, நான் சொன்னா எங்க கேக்குறா" என்பதுதான். நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது, கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் நஞ்சு சரியாக வேலை செய்யாவிட்டால் பிள்ளையின் உடல் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் தண்ணீர் குறையும். பனிக்குடம் லேசாகக் கசிந்தாலும் குறையும், பிரசவ நாள் தள்ளிப்போனாலும் குறையும். இதில் எதை அந்தப் பெண் வேண்டுமென்று செய்தாள்? அதேபோல, தண்ணீர் அளவுக்கு மீறி இருந்தால் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா, பிள்ளைக்கு உணவுக்குழாய் அடைத்து விழுங்க முடியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவையும் உங்கள் பத்திரிகை ஒரு பக்கத்தில் எளிதாகச் சொல்லிவிட முடியும்.

இனி மலம். நம் ஊர்களில் காட்டுப்பீ என்பார்களே, கருப்பும் பச்சையுமாகத் தார் போல ஒட்டும், அது நாலைந்து மாதத்திலிருந்தே குடலில் சேரத் தொடங்கிவிடும். குடலின் உதிர்ந்த செல்கள், சளி, பித்தம், விழுங்கிய பூனைமுடி எல்லாம் அதில் இருக்கும். அதைப் பிள்ளை பெரும்பாலும் பிறக்கும் வரை வெளியே விடாது. 100 பிரசவத்தில் 10, 15 போல மட்டும் முன்பே போய்விடும், நாள் தள்ளிப்போனதாலும் இருக்கலாம், பிள்ளைக்கு ஆக்சிஜன் குறைந்து ஆசனவாய் தளர்ந்ததாலும் இருக்கலாம். இதை வைத்துத்தான் "உள்ளேயே மோஷன் போயி, அதைத் தின்னுடுச்சாம்" என்று வார்டு வராந்தாவில் பேசுவார்கள், பிள்ளைத்தாய்ச்சி நேரத்தில் எதைச் சாப்பிட்டாளோ என்று விசாரணையும் நடக்கும், அவள் தையல் வலியோடு படுத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை தின்பதும் ஆபத்தில்லை, அது நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து, அதுவும் இப்படி முன்பே கழித்த பிள்ளைகளில் சிலருக்குத்தான் நடக்கும். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பனிக்குடம் உடைந்தால் துணியைப் பாருங்கள். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள், அந்தத் துணியையும் கையோடு எடுத்துவந்து காட்டுங்கள்.

பிறந்த பிறகு வயிறு சுத்தமாக வேண்டும் என்று விளக்கெண்ணெய், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று நாக்கில் வைப்பதை இன்னும் பார்க்கிறேன், கோபமாக வருகிறது. சீம்பாலே அந்த வேலையைச் செய்துவிடும். கருவில் இருந்தவரை பிலிருபினை நஞ்சு எடுத்துக்கொண்டது, இப்போது அந்தச் சின்னக் கல்லீரல் தனியாகச் சமாளிக்க வேண்டும், அதனால்தான் இரண்டு மூன்று நாளில் பல பிள்ளைகளுக்கு மஞ்சள் தட்டுகிறது. காட்டுப்பீ உள்ளேயே தங்கினால் அதிலிருக்கும் பித்தநிறமி திரும்ப ரத்தத்தில் ஏறும், ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குங்கள். முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் உடனே காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ போய்விடும். அதற்குள் போகாவிட்டால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், 48 மணி நேரம் ஆகியும் போகாவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ குடல் அடைப்பாக இருக்கலாம், கை வைத்தியம் எதுவும் செய்யாமல் நேராகக் குழந்தைகள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்