கிளைவ் பிரபு என்றால் எந்தக் கிளைவ்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் பாடம் படிக்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மருது சகோதரர்கள் 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபோது சென்னை ஆளுநராக இருந்தவர் ராபர்ட் கிளைவ் என்று நோட்டில் எழுதி, அதற்குச் சான்றாகத் தங்கள் ஞாயிறு இணைப்பின் கட்டுரையையும் வெட்டி ஒட்டியிருந்தாள். கட்டுரையில் ‘கிளைவ் பிரபு’ என்று மட்டுமே இருந்தது. குழந்தையைக் குறைசொல்ல முடியவில்லை.

ராபர்ட் கிளைவ் 1774-இலேயே இறந்துவிட்டார். பிளாசி வெற்றிக்குப் பின் 1762-இல் அவருக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பிரபுப் பட்டம்; வங்காளத்துப் பிளாசியின் பெயரை அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தோடு சேர்த்து அதை வழங்கினார்கள். அயர்லாந்துப் பிரபு என்ற தகுதியில் லண்டன் பிரபுக்கள் சபையில் இடமில்லை. ஆனால் அதனாலேயே அவர் அங்குள்ள மக்கள் சபையில் உறுப்பினராக இருக்க முடிந்தது. தந்தை இறந்ததும் அப்பட்டம் மூத்த மகன் எட்வர்டுக்கு வந்தது. 1798 முதல் 1803 வரை சென்னையை ஆண்ட கிளைவ் பிரபு இவர்தான்.

இப்பட்டங்கள் பெரும்பாலும் ஆண் வாரிசு வழியே மட்டும் இறங்குபவை. சென்னை ஆளுநர்களான பிகட், மெக்கார்ட்னி ஆகியோரின் அயர்லாந்துப் பட்டங்கள் அவர்களோடு முடிந்தன. 1898-இல், இந்திய வைஸ்ராயாக நியமிக்கப்பட்ட கர்சனுக்குக் கொடுக்கப்பட்டதே கடைசி அயர்லாந்துப் பட்டம். மூன்று மகள்கள் இருந்தும், 1925-இல் அவர் இறந்தபோது அது அற்றுப்போனது. தத்துப்பிள்ளைக்கும் அங்கே உரிமையில்லை.

ராமநாதபுரம் பகுதியான நம் சேதுச் சீமையின் கதை வேறு. எட்வர்டு கிளைவ் ஆளுநராக இருந்த 1803-இல் ராமநாதபுரம் ஜமீனுக்கான சனது (அரசு தரும் உரிமைப் பத்திரம்) மங்களேஸ்வரி நாச்சியார் என்ற பெண்ணின் பெயரில்தான் வழங்கப்பட்டது. பின்னாளில் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் இறந்த பிறகு பங்காளிகளின் சம்மதத்தோடு எடுத்த தத்து செல்லும் என்று அந்நாளில் இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே 1868-இல் தீர்ப்பளித்தது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சட்டத்தையும் விஞ்சும் என்று அதில் கூறப்பட்டதை, இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே, ‘எட்வர்டு கிளைவ்’ என்று முழுப்பெயரைக் குறிப்பிட்டுத் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதையும் அந்த நோட்டிலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தேவிபட்டினம்.