வாஷ் கரையிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேச உட்கார்ந்தால் என்ன சமைத்தாய் என்று அம்மா விசாரிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மீதி நேரம் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அதனால்தான் கடிதம். அது போக, உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். போனில் சொன்னால் சரிப்படாது, கடைசியில் சொல்கிறேன்.

லீவு நாளில் தூங்காமல் இந்தக் குளிரில் எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். சேறு பார்க்கப் போகிறேன் என்றதும் சிரித்தீர்கள். நிஜமாகவே அதுதான் அப்பா. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், கிங்ஸ் லின் ஊருக்கு வடக்கே வாஷ் என்று ஒரு பெரிய வளைகுடா இருக்கிறது. நம் பழவேற்காடு ஏரியைப் போலவே அதற்கும் இரண்டு பங்காளிகள்: கிழக்குக் கரை நார்ஃபோக், மேற்குக் கரை லிங்கன்ஷயர். நம் ஏரியில் கடல் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் கணக்கு. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும். வற்றிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த சேறுதான், கடல் எங்கே போனது என்று தேட வேண்டும். அந்தச் சேற்றுக்குள் மட்டி, புழு, பொடி நத்தை. அதைத் தின்னத்தான் குளிர்காலம் முழுக்கப் பறவைகள் வந்து கிடக்கின்றன. கரையில் நம் உமரிச்செடி மாதிரியே ஒன்று முளைக்கிறது. அதைப் பறித்து, வேகவைத்து, வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள், கீரை அனுப்பு என்பார்.

என்னை இதில் இழுத்துவிட்டது எங்கள் வார்டில் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஒரு சிஸ்டர். இந்தக் கடலோரத்தில் இயற்கைச் சங்கம் ஒன்று நடத்துகிறார்கள், அதில் அவர் பல வருஷ உறுப்பினர். நான் ஏரிக்கரைப் பெண் என்று தெரிந்ததும் விடவில்லை. தன்னுடைய பழைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சங்கத்தில் பெரும்பாலும் நரைத்த தலைகள். ரிட்டயர் ஆன வாத்தியார், தபால்காரர், பீட் கிழங்கு போடும் விவசாயி, மட்டிப் படகு வைத்திருந்த ஒருவர். மாதம் ஒரு நாள் காலை வெளியே போவார்கள். குளிர்காலத்தில் மாதம் ஒரு சாயங்காலம் சர்ச்சுக்குச் சொந்தமான மண்டபத்தில் கூட்டம். ஒருவர் படம் காட்டிப் பேசுவார், அப்புறம் டீ, பிஸ்கட், குலுக்கல் சீட்டு. பரிசு என்னவென்றால் ஒரு ஜாம் பாட்டில், இல்லாவிட்டால் குருவிக்குப் போடும் தீனி. அதற்கும் ஆர்வமாகச் சீட்டு வாங்குகிறார்கள்.

ஸ்னெட்டிஷம் என்ற இடத்தைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியே ஆக வேண்டும். பெரிய ஓதம் வரும் நாளில் விடியும் முன்பே போய்க் கரையில் நின்றுவிட வேண்டும். முதலில் வாத்து. இளஞ்சிவப்புக் கால் வாத்து என்று ஒரு இனம், ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வருவது. ராத்திரி சேற்றில் தங்கிவிட்டு, வெளிச்சம் வந்ததும் வரிசை வரிசையாக நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு உள்நாட்டு வயலுக்குப் போகும். பீட் கிழங்கு பிடுங்கிய வயலில் விட்டுப்போன தழையும் துண்டும்தான் அதற்குச் சாப்பாடு. அதனால் பீட் வயலில் யாரும் விரட்டுவதில்லை. கோதுமைப் பயிரில் இறங்கினால் பேச்சே வேறு.

அதற்குப் பிறகு தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். சேற்றில் நாட் என்று ஒரு உள்ளான், நம் கொசு உள்ளானைவிடப் பெரியது. கிரீன்லாந்து, வடகனடா பக்கத்திலிருந்து வருகிறது. பல்லாயிரக்கணக்கில் நிற்கும். தண்ணீர் துரத்தத் துரத்தக் கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே வரும். கடைசியில் நிற்கச் சேறே இல்லை என்றானதும் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும் பாருங்கள்! ஒரு பக்கம் திரும்பினால் வானம் கறுக்கிறது, மறுபக்கம் திரும்பினால் வெளுக்கிறது. இறக்கைச் சத்தம் காதை அடைக்கிறது. அப்படியே வந்து, கரைக்கு உள்பக்கம் ஒருகாலத்தில் கூழாங்கல் தோண்டிய குட்டைகளில் இறங்கிவிடும். அங்கே சூலூர்பேட்டை செங்காளம்மன் திருவிழாக் கூட்டம் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், தரை தெரியாது. ஓதம் இறங்கும்வரை அங்கேதான். பக்கத்திலிருக்கும் பலகைக் குடிசைக்குள் நின்று நாங்கள் பார்ப்போம். யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

எண்ணுவதுதான் இவர்களுக்குப் பெரிய வேலை. 1947-லிருந்து இந்த நாட்டில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டு, நாடு முழுக்க அவரவர் பகுதியை முடிந்தவரை அன்றைக்கே எண்ணுவார்கள். இந்தக் கழியில் எண்ணிய வாத்து நாளைக்கு அடுத்த கழிக்குப் போய் இன்னொருவர் கணக்கிலும் ஏறிவிடக் கூடாதே, அதற்காக. கூட்டமாக நிற்பதை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் நூறு எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது. அந்தத் தபால்காரர் கடற்சுவரில் ஒரே துண்டை இளவயதிலிருந்து எண்ணி வருகிறார்.

முதலில் எனக்கு இது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது. இவர்களில் பலருக்கு இந்தச் சேறு வயிற்றுப்பாடு இல்லை. அதனால் பறவை மேல் அன்பு காட்டுவது சுலபம் என்று நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கேயோ ஒரு அபூர்வக் குருவி இறங்கியது என்று நானூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்து, பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தபால்காரருக்கும் பிடிக்காது.

ஆனால் அந்த மட்டிப் படகுக்காரர் சொன்ன விஷயம் வேறு. 1990-களில் வாஷில் மட்டியும் சிப்பியும் அளவுக்கு மீறி அள்ளப்பட்டுக் குறைந்துபோயின. அந்தக் குளிர்காலங்களில் சிப்பி பிடிப்பான் பறவைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்து ஒதுங்கின. எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் எவ்வளவு குறைந்தது என்று யாரும் மறுக்க முடியவில்லை. அவரிடம் நம் ஏரியில் மீன் பிடிக்கும் ‘பாடு’ முறையைச் சொன்னேன். சீட்டுக் குலுக்கி, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரே முடிவு செய்யும், எல்லோருக்கும் முறை வரும் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷமாக, மீறினால் என்ன தண்டனை, படகு இல்லாதவனுக்கு என்ன என்று ஒரே கேள்வி. பறவைக்காரர்கள் கூட்டத்தில் அன்றைக்கு நாங்கள் இருவரும் மீனைப் பற்றித்தான் பேசினோம்.

நம் ஏரிக்கு வரும் சிலதை இங்கேயும் பார்க்கிறேன். கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கோடு சேற்றில் தனியாக நடக்குமே, அந்தக் கோட்டான் இங்கே அதே குரலில் கத்துகிறது. மேல்நோக்கி வளைந்த மூக்கோடு கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று வருமே, அதற்கு இங்கே ஒரு கதையே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் அது இந்த நாட்டில் முட்டையிடவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் வந்து இறங்கிவிடுவானோ என்று பயந்து, தெற்கே சஃபோக் கரையில் மேய்ச்சல் நிலங்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எதிரி வரவில்லை, 1947-ல் இந்தப் பறவை வந்து கூடு கட்டியது. பறவைப் பாதுகாப்புக்கென்று இங்கே இருக்கும் பெரிய சங்கத்துக்கு இப்போது அதுதான் சின்னம். அந்தச் சங்கத்தையும் 1889-ல் ஆரம்பித்தது பெண்கள்தான், தொப்பியில் இறகு செருகும் நாகரிகத்துக்காகப் பறவைகளைக் கொல்வதை எதிர்த்து.

போன கூட்டத்தில் மூக்கன் உள்ளானைப் பற்றி ஒருவர் பேசினார். 2022-ல் பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு குஞ்சு, முதுகில் சின்னக் கருவியோடு அலாஸ்காவிலிருந்து கிளம்பி, 11 நாள் எங்கேயும் இறங்காமல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்திருக்கிறது. 13,560 கிலோமீட்டர். முன்னால் போய் வழிகாட்டக் கூடவே தாய் தகப்பன் இல்லை. அம்மா இதைக் கேட்டால், நீ மட்டும் ஏன் டெல்லியில் இறங்கி மாறிப் போனாய் என்பார்.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். பிப்ரவரிக் கூட்டத்தில் நம் ஏரியைப் பற்றி நான் பேச வேண்டுமாம். ராக்கெட் ஏவும் தீவுக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பூநாரை மேயும் என்றதும் யாரும் நம்பவில்லை. படம் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி தமிழ்நாட்டில், இரண்டு பக்கமும் சரணாலயம், இதையெல்லாம் நானே சொல்லிவிடுவேன். பூநாரை நம்மிடம் முட்டையிடாது, குஜராத்தில் கட்ச் உப்புவெளியில் இடும் என்பதும் தெரியும். எனக்கு வேண்டியது உங்களுக்கு மட்டும் தெரிந்தவை.

மழை நின்று தண்ணீர் எவ்வளவு வடிந்த பிறகு பூநாரை இறங்கும்? நீங்கள் தண்டு ஊன்றிப் பார்ப்பீர்களே, அந்தக் கணக்கிலேயே எழுதுங்கள். முகத்துவாரம் மண் தூர்ந்து அடைத்துக்கொண்ட வருஷங்களில் பறவை கூடியதா, குறைந்ததா? ஆலாப் பறவை விழுகிற இடம் பார்த்து வலை போடுவது இன்னும் உண்டா? தாத்தா காலத்தில் எந்தத் திட்டில் பறவை அதிகம் நிற்கும், இப்போது எங்கே? நேலப்பட்டில் கூழைக்கடா கூடு கட்டினால் நல்லது என்று ஊர்க்காரர்கள் மரத்தைத் தொடாமல் காப்பார்களே, அதைப் பற்றிப் பெரியம்மா வீட்டில் கேட்டு எழுதுங்கள். தாத்தா கண்ணி வைத்து உள்ளான் பிடித்து ஆரம்பாக்கம் சந்தையில் விற்றதைச் சொல்லலாமா? இங்கே அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கரையிலும் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 20 வரை சட்டப்படி வாத்து சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்திலேயே ஒருவர் சுடவும் செய்கிறார், எண்ணவும் செய்கிறார். இருந்தாலும் அது நம் வீட்டு விஷயம், நீங்கள் சரி என்றால்தான் சொல்வேன்.

தம்பிக்கு ஒரு பைனாகுலர் வாங்கியிருக்கிறேன். பழசுதான், லென்ஸ் சுத்தமாக இருக்கிறது. இங்கே வேலை பார்க்கும் நெல்லூர்ப் பெண் ஒருத்தி பொங்கலுக்கு ஊர் வருகிறாள், சூலூர்பேட்டை ஸ்டேஷனில் கொடுத்துவிடுவாள். அவனுக்கு ஒன்று சொல்லுங்கள். ஆட்டோவில் வருகிறவர்கள் படம் எடுக்க வேண்டும் என்று கை தட்டி, கல் வீசிப் பூநாரையைக் கிளப்பினால் அவன் தடுக்க வேண்டும். மேய விடாமல் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. திரும்பிப் போகிற பயணத்துக்கு அதுதான் எண்ணெய். பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும், இருந்த இடத்திலிருந்தே கால் எண்ணலாம். அதற்குத் தனியாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பணம் ஐந்தாம் தேதி ஏறும். அம்மாவின் பிரஷர் மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள், தலை சுற்றவில்லை என்பதற்காக நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் காதையும் சென்னைக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள், லோக்கல் ரயிலில் போனால் அலைச்சல் குறைவு. பதிலை நீங்களே கைப்பட எழுதுங்கள். தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பொங்கலுக்கு முன்னால் வந்தால் இங்கிலீஷில் எழுதிக்கொள்ள எனக்கு நேரம் இருக்கும்.

உங்கள் அன்பு மகள்