வீடு தேடும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வெளியூர்க் குடும்பங்கள் கோவையில் வீடு தேடி அலைகின்றன. வாடகை எவ்வளவு, ஐடி கம்பெனி எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் தண்ணீரைக் கேளுங்கள். சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி எல்லாம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை, அதனால் சிறுவாணி, பில்லூர் குடிநீர்த் திட்டம் என்று பெரிய பெயர்களைக் கேட்டு நம்பிவிடாமல் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் எத்தனை நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, போர் தண்ணீர் உப்பா என்று விசாரியுங்கள். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

அப்புறம் பஸ். வேலைக்குப் போகிறவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் இருப்பவரும் பிள்ளைகளும் டவுன் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒருமுறை அந்த நிறுத்தத்தில் நின்று பாருங்கள். மதுரை, தேனிப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர்களுக்குச் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் வசதி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்று வீட்டுக்காரர்களுக்கு. வெளியூர், வெளிமாநிலம் என்றதும் கதவைச் சாத்தாதீர்கள், திருப்பூரும் கோவையும் ஓடுவதே வந்து உழைக்கிறவர்களால்தான். மாநகராட்சி ஒவ்வொரு வார்டுக்கும் தண்ணீர் விடும் நாளை அலுவலக வாசலில் எழுதி வைக்கட்டும்.

ஒரு வாசகி,
துடியலூர், கோவை