ஒரே நாட்சம்பளம், வேறு வேறு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண், பெண் சம்பள வித்தியாசம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை வங்கி, தனியார் அலுவலகம் என்று மேல்மட்ட வேலைகளோடு நின்றுவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில்தான் 1984 முதல் இருபாலாருக்கும் ஒரே நாட்சம்பளமாயிற்றே என்று விட்டுவிட்டார்கள் போலும். சரி, தொகை ஒன்றுதான். உழைக்கும் நேரம் ஒன்றல்ல. எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) ஆண்கள் அன்றைய கணக்கு முடிந்ததும் பகல் 2 மணிக்கெல்லாம் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பிவிடுவார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பறித்த கொழுந்தின் மாலை நிறுவை முடியும்வரை, 5 மணியானாலும், மலையில்தான் நிற்க வேண்டும். மழை நாளில் ஈரத்துக்கென்று கிலோவைக் கழிப்பார்கள். அப்புறம் நிறை போதவில்லை என்று அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை பதவிகளிலோ பெண்களைத் தேடத்தான் வேண்டும்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தோடு வேலை நேரத்தையும் பேச வேண்டும். காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்திலிருந்து கடைசி நிறுவை வரையான மணிக்கணக்கைச் சம்பளத் துண்டில் பதியச் செய்து, எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதற்கு மேலதிகக் கொடுப்பனவு கேட்கலாம்.

வாசகி,
ஹட்டன்.