கார்ட்டூமிலிருந்து என்னை வீடு சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்த மடலை 2023 மே மாதமே எழுதியிருக்க வேண்டும். இரண்டு முறை எழுத உட்காரவும் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஆளிடம் வந்து பேனா நின்றுவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் மற்றவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடிக்க மனசு வரவில்லை. போன மாதம் அவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மருந்தாளுநர், வீடு வேலூர் சத்துவாச்சாரி. ஒரு வெளிநாட்டு மருத்துவ உதவித் திட்டத்தின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள, சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒன்றரை வருஷம் இருந்தேன். 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலை, அந்த நாட்டு ராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் நகரத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. நோன்பு மாதம். 12-ஆம் நாள் இரவு நான் டெல்லியில் இறங்கினேன். நடுவில் நடந்ததற்குத்தான் இந்த நன்றி.

முதலில் எங்கள் பாதுகாப்பு அலுவலர். நேபாளத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் அவரை நாங்கள் கிண்டலடித்ததுதான் அதிகம். மாதம் ஒருமுறை வாசலில் வந்து நிற்பார். "பையைக் காட்டுங்கள்" என்பார். ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கான பை. பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, டார்ச், இரண்டு வாரத்துக்கான சொந்த மாத்திரை, சில்லறை டாலர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒருமுறை நான் 100 டாலர் நோட்டு வைத்திருந்தேன். "இதை நீட்டினால் மீதி யார் தருவார்?" என்று திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை மாலையானால் போன் சங்கிலி. ஒருவர் இரண்டு பேரை அழைக்க வேண்டும், அந்த இருவர் ஆளுக்கு இரண்டு பேரை. எடுக்காதவருக்கு மறுநாள் அர்ச்சனை உண்டு. குண்டுச் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் போகாதே, உனக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துப்போயிருந்தது. அந்த 15-ஆம் தேதி எனக்கு எதையுமே யோசிக்க வரவில்லை. கால் தானாக நடைக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஐயா, அந்தக் கிண்டலுக்கெல்லாம் மன்னிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு அமைப்பின் திட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. அமைப்பின் பெயர் வேண்டாம். கெட்டியான ஒரு புத்தகமாக அச்சடித்துக் கையெழுத்தெல்லாம் வாங்கியிருந்தார்கள். ஆபத்து என்றால் எல்லோரும் அலுவலகத்தில் கூட வேண்டும், அங்கிருந்து வண்டியில் விமான நிலையம் போக வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். சூடானில் வெள்ளியும் சனியும் விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். எங்கள் வீடுகளுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நீல நைல், அதன் மேல் பாலம், பாலத்தில் துப்பாக்கி. விமான நிலையமோ முதல் நாளே சண்டைக்களம், நின்ற விமானங்கள் எரிந்தன. அவசரத்துக்கென்று எடுத்து வைத்த பணம் அலுவலகப் பெட்டகத்துக்குள் பத்திரமாக இருந்தது! நம் அலுவலர் அன்று மதியத்துக்குள் புத்தகத்தை மூடிவிட்டு, "இருக்கிற இடத்திலேயே இருங்கள், நான் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

அப்புறம், சிரிக்காதீர்கள், நம்ம வேலூருக்கும் ஒரு நன்றி. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று ஊரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் தண்ணீர் இன்னமும் வந்தால் உண்டு. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் சொம்பு வரைக்கும் நிரப்பி வைத்து வளர்ந்தவள் நான். முதல் சத்தம் கேட்ட அரை மணி நேரத்தில் வாளி, சட்டி, பழைய ஐஸ்கிரீம் டப்பா என்று ஒன்றுவிடாமல் நிரப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது, அதோடு மோட்டாரும் போனது. 40 டிகிரி வெயிலில் நாங்கள் நான்கு பெண்கள் ஒன்பது நாள் அந்தத் தண்ணீரில்தான் இருந்தோம். கூட இருந்த கென்யப் பெண், "உங்கள் ஊரில் போர் நடந்ததா?" என்று கேட்டாள். இல்லை, முனிசிபாலிட்டி என்றேன்.

இங்கே வீட்டுப் பக்கத்தைத் தாங்கியவர் கம்மவான்பேட்டை ஹவில்தார் மாமா. அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள். நான் வேலையில் சேரும்போதே மாமா என் மாமியாரையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு ஒரே ஆள்தான் பேசணும். பத்து பேர் கூப்பிட்டா அவ பேட்டரிதான் தீரும்." அந்த ஒரே ஆள் அவர்தான். காலை ஏழு, மாலை ஏழு என்று நேரம் குறித்தோம். நான் அனுப்ப வேண்டியது இரண்டே சொல்: "இருக்கிறேன். தண்ணீருண்டு." குடியாத்தத்திலிருந்து ஆரணி வரைக்கும் உள்ள சொந்தமெல்லாம் அவரைத்தான் கேட்டது. 17-ஆம் தேதி திங்கட்கிழமை, குறைதீர்வு நாள். கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று மனு கொடுத்தார். பாஸ்போர்ட் நகலைத் தூதரகத்துக்கு அனுப்பினார், அவர்கள் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் இரண்டு வேளையும் என்னால் செய்தி அனுப்ப முடியவில்லை. "டவர் போயிருக்கும், வேற ஒண்ணுமில்ல" என்று மாமியாரைத் தூங்க வைத்துவிட்டு, தான் விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, அத்தை சொன்னார்.

பஸ் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடான் துறைமுகம் 800 கிலோமீட்டருக்கு மேல். வழிநெடுக இரண்டு தரப்பின் சோதனைச் சாவடிகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் அவர்தான் முதலில் இறங்கிப் பேசினார். எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, டீசல் தேடிக்கொண்டு, அடுத்த ஆட்களை ஏற்றி வர அதே வழியில் திரும்பிப் போனார்.

தூதரக ஊழியர்களுக்கும் கடற்படையினருக்கும் நன்றி. எங்களை மீட்கும் பணிக்கு ஆபரேஷன் காவேரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டபோதே பாதி ஊர் வந்த மாதிரி இருந்தது. சுமேதா கப்பலின் முதல் நடையில் 278 பேர் செங்கடலைத் தாண்டி ஜெத்தா போனோம். மே 5-ஆம் தேதி அந்தப் பணி முடிந்தபோது மீட்கப்பட்டவர்கள் மொத்தம் 3,862 பேர். டெல்லியில் பெயர்ப் பட்டியலோடு நின்று, தமிழில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட நம் மாநில அலுவலர்களையும் மறக்கவில்லை. அந்த நாட்களில் மஞ்சள் காய்ச்சல் அட்டை இல்லாமல் வந்த பலரை விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தலுக்கு அனுப்பினார்கள். என் அட்டை நேபாளத்து ஐயாவின் புண்ணியத்தில் பையிலேயே இருந்தது.

கடைசியாக, பேனாவை நிறுத்தி வைத்தவர். எங்கள் கிடங்கின் ஸ்டோர்கீப்பர், சூடான்காரர், கிடங்குக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். விடுமுறை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவருக்கு ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோவேன். திட்டப் புத்தகத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி இருந்தது: உள்ளூர்ப் பணியாளர்கள் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லப்பட மாட்டார்கள். உதவி அமைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகின்றன. அதற்குக் காரணமும் சொல்வார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

சண்டையின் மூன்றாம் நாள் அவரிடமிருந்து அழைப்பு. கிடங்கின் குளிர்பெட்டிகளில் இன்சுலின் இருந்தது. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஜெனரேட்டருக்கோ டீசல் இல்லை. சரக்கை வெளியே எடுக்க எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. எடுத்துக் கொடுத்துவிடுங்கள், பொறுப்பு என்னுடையது என்றேன். "மாலேஷ்" என்றார். வருத்தத்துக்கும் ஆறுதலுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, இரவில் நடந்தே, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனைக்கு மூன்று நடை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அதன் பிறகு குடும்பத்தோடு வாட் மதானி என்ற ஊருக்குப் போய்விட்டார். 2023 டிசம்பரில் அந்த ஊரும் விரைவு ஆதரவுப் படையிடம் விழுந்தது. அத்தோடு தொடர்பு அறுந்துபோனது.

இப்போது போர்ட் சூடானில் இருக்கிறார். பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். செய்தியோடு ஒரு படம் அனுப்பியிருந்தார். கிடங்கின் சரக்குப் பதிவேடு. அத்தனை ஓட்டத்திலும் அதை விடாமல் கொண்டுபோயிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இன்சுலின், எண்ணிக்கை, தேதி, வாங்கிக்கொண்ட டாக்டரின் கையெழுத்து, அவருடைய கையெழுத்து எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் என் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். எப்போது வந்து போடப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

நன்றியுடன்,
சத்துவாச்சாரி, வேலூர்