மைக் பிடிக்கும் மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா சபைகளின் மூப்பர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் தோத்திரம்.

விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் காணிக்கையாக வைத்து, அதை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சில வருஷங்களுக்கு முன் நடந்த அப்படி ஒரு பண்டிகை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தை மாதம், அறுக்கப் போகிற நேரத்தில் மூன்று நாள் அடைமழை. எங்கள் சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. மிஞ்சியதைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். அதில் நல்ல மணியாகப் பார்த்து அம்மா ஒரு மரக்கால் நெல் புடைத்தெடுத்து, புதுத் துண்டில் முடிந்து கோயிலில் வைத்தார். ஏலம் விட்டவர் அந்த முடிச்சைத் தூக்கிப் பார்த்து, மைக்கிலேயே, "என்னம்மா, ஆண்டவருக்கு இவ்வளவுதானா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அடுத்த வருஷம் நல்ல மகசூல். நெல்லை என்னிடம் கொடுத்தனுப்பினார். அவர் வரவில்லை.

அப்படிச் சொன்னவர் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கூட இருந்தவர். அதனால்தான் எழுதுகிறேன். ஜெபத்தையும் உபவாசத்தையும் பழக்குகிற நாம், பேச்சை மட்டும் "அவர் வாய் அப்படி, மனசு தங்கம்" என்று விட்டுவிடுகிறோம். அப்போஸ்தலர் பவுல் விடவில்லை. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று எபேசியருக்கு எழுதிய கையோடு, பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்கிறார். புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதலாக முழுசாக அச்சேறியது நம் தரங்கம்பாடியில், 1715இல். 300 வருஷத்துக்கு மேலாக இந்த வசனம் நம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

முகஸ்துதி செய்யச் சொல்லவில்லை. கணக்கில் பிசகு இருந்தால் கேளுங்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். பேச்சால் தாங்கியவர் என்றால் ஆதிசபையின் பர்னபாதான். அவருடைய சொந்தப் பெயர் யோசே. 'ஆறுதலின் மகன்' என்று பொருள்படும் பெயரை அப்போஸ்தலர்கள்தான் அவருக்கு வைத்தார்கள். பவுல் அப்போது சவுல்; முன்பு சபையைத் துன்புறுத்தியவர். எருசலேமில் சீஷர்கள் எல்லோரும் அவருக்குப் பயந்து ஒதுங்கியபோது, அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போய் அவருக்காகப் பேசியவர் பர்னபா. நாலு பேர் முன்னால் ஒருவருக்காக வாய் திறப்பது அவ்வளவு பெரிய ஊழியம்.

திருப்பூரில் வேலை போய் ஊர் திரும்பிய பையன் கோயில் வாசலில் நின்றால், சந்தா பாக்கியில் ஆரம்பிக்காதீர்கள். "எப்பப்பா வந்தே, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். வேதபாடம் வாசிக்கிற பிள்ளை நேபுகாத்நேச்சார் என்ற பெயரில் தடுக்கினால், முதலில் "நல்லா வாசிச்சே" என்று சொல்லுங்கள். உச்சரிப்பை அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த வருஷமும் மழை எங்களை விட்டுவைக்கவில்லை. ஆனாலும் பண்டிகைக்கு அம்மாவை எப்படியாவது கூட்டி வரப் பார்க்கிறேன். முடிச்சில் ஒரு மரக்கால்தான் இருக்கும். மைக்கை யார் பிடித்தாலும் சரி, அதைக் கையில் எடுக்கும்போது, "இந்த மழையிலும் கொண்டுவந்தீங்களே அம்மா" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.